பாம்பை அருகே இழுத்தவர்கள்

எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒருவர் படுத்திருக்கிறார். தலைமாட்டில், நகரும் பட்டையின் மேல் உயிருள்ள பாம்பு. நஞ்சில்லாததுதான், ஆனாலும் பாம்பு பாம்புதானே! ஒரு பொத்தானை அழுத்தினால் அது கிட்டே வரும், இன்னொன்றை அழுத்தினால் விலகிப்போகும். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக் கழகத்தில் ஊரி நிலியும் யாதின் துதாயும் குழுவாக நடத்தி, 2010இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொம்மைக் கரடியையும் வைத்திருந்தார்கள்.

பாம்பை வரவழைத்தவர்களில் பயந்தவர்களும் இருந்தார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்கள். அந்தக் கணத்தில் அவர்களுடைய மூளையின் முன்புறம், நடுக்கோட்டை ஒட்டிய சப்ஜெனுவல் ஆன்டீரியர் சிங்குலேட் கார்டெக்ஸ் என்ற சிறு பகுதி மும்முரமாக இயங்கியது. பயம் கூடக்கூட அதன் வேலையும் கூடியது. உடலின் படபடப்போ அடங்கியிருந்தது. பாம்பைத் தள்ளிவிட்டபோது இப்படி நிகழவில்லை. துணிச்சல்காரர்களுக்குப் பயமே இராது என்று நாம் நினைப்பது தப்புக்கணக்கு.

இது ஆய்வுக்கூடத்துப் பாம்பு. வாழ்க்கையில் அடிபட்டவருக்கு இந்தத் துணிவு எப்படி வரும்?

நாமக்கல்லைப் பார்க்கலாம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளும், நாடெங்கும் ஓடும் வண்டிகளும் சோறுபோடும் ஊர். சென்னையில் 1986இல் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பத்தாண்டுக்குள் அந்தக் கிருமி நெடுஞ்சாலை வழியாக இப்பகுதிக் குடும்பங்களுக்குள் நுழைந்துவிட்டது. 1995இல், இருபது வயதில், ஒரு லாரி ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டார் கௌசல்யா பெரியசாமி. கல்யாணமான சில வாரங்களிலேயே தமக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரியவந்தது. அரசு மருத்துவமனையில் இலவசக் கூட்டுமருந்து கிடைக்க 2004 வரை காத்திருக்க வேண்டிய காலம் அது. அக்கம்பக்கத்துப் பேச்சுக்குப் பயந்தே பலர் பரிசோதனைக்குப் போகவில்லை.

கௌசல்யா பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். இந்தியாவில் அப்படிப் பேசிய முதல் பெண்களில் அவரும் ஒருவர். 1998இல், தொற்றுள்ள பெண்களே நடத்தும் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைச் சென்னையில் உருவாக்கினார்.

வாய்விட்டுச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையும், ஆனால் உடனே அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குக் கால்மணி நேரம், தங்கள் வாழ்வின் மோசமான அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனத்தது, ரத்த அழுத்தமும் ஏறியது. அடுத்த ஆறு மாதங்களில்தான் பலன் தெரிந்தது: நடந்ததோடு மனத்தில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது.

மறைப்பதற்கும் ஒரு விலை உண்டு போலும். ஆய்வாளர் ஸ்டீவ் கோல் குழு, எச்.ஐ.வி. தொற்றுள்ள 80 தன்பால் ஈர்ப்பு ஆண்களை ஒன்பது ஆண்டுகள் கவனித்து 1996இல் எழுதியது: தங்கள் பாலீர்ப்பை ஒளித்து வாழ்ந்தவர்களுக்கு எச்.ஐ.வி. வேகமாக முற்றியது. ஒளித்ததுதான் காரணமா என்று இந்த ஒரு ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது.

இதைப் படித்துவிட்டு, காயம்பட்ட எல்லாரும் மேடையேற வேண்டும் என்று சொல்வது அநியாயம். வேலையும் வாடகை வீடும் பறிபோகும் ஊரில் வாய்திறக்காமல் இருப்பதும் தற்காப்புதான். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது. தொற்றைக் காட்டி வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு ஆகியவற்றை மறுப்பதைத் தடைசெய்கிறது. நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் தவிர, தன் நிலையை வெளியே சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.