நோயுற்ற வைத்தியர்

அன்ரன் செக்கோவின் சிறுகதைகளைப் போற்றுவோர் அவர் வைத்தியர் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 1892இல் ருஷ்யாவில் கொலரா பரவியபோது, தாம் வாழ்ந்த மெலிகோவோவைச் சூழ்ந்த 25 கிராமங்களின் பொறுப்பை ஊதியமின்றி ஏற்றார்.

1897 மார்ச்சில் அவரது நுரையீரலிலிருந்து குருதி பெருகிற்று. சயரோகத்தின் முடிவு யாதென வைத்தியருக்குப் பிறர் சொல்லவேண்டுமோ? நோயை ஏற்றார், கைகட்டி இருந்தாரல்லர். அவ்வாண்டிலேயே அயற்கிராமமொன்றில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பாடசாலை கட்டுவித்தார்.

பின்னர் யால்ரா நகரிற் குடியேறினார். அங்கு சுகந்தேடி வந்து, கையிற் காசின்றித் தவித்த சயரோகிகள் அவர் வாயிலை நாடினர். அவர்களுக்கு உறைவிடம் அமைக்கவெனப் பொருள் திரட்டினார். இதனைத் தியாகம் என்று நாம் புகழ்ந்தால் அவர் நகைத்திருப்பார் என்றே தோன்றுகிறது.

1904 ஜூலையில், 44ஆம் வயதில், ஜேர்மனியில் இறந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், தம் உடல் தேறிவருவதாகவே தாய்க்கு மடல் வரைந்தார்.