இக்தியோசார்: கடலுக்குத் திரும்பிய ஊர்வன

இக்தியோசார் டைனோசார் அல்ல. டைனோசார்கள் தரையில் உலவிய காலத்தில் கடலில் வேட்டையாடிய ஊர்வன இனம். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தது. அதன் மூதாதைகள் தரைவாழ் உயிர்கள். கடலுக்குப் போனபின் உடல் அடியோடு மாறியது, கால்கள் துடுப்புகளாயின. மூச்சு மட்டும் மாறவில்லை. செவுள் முளைக்கவே இல்லை. காற்றுக்காகக் கடைசிவரை நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது.

தொடக்கக்கால இக்தியோசார்கள் விலாங்குபோல் உடலை நெளித்து நீந்தின. பின்னால் வந்தவை டால்பின் போன்ற வடிவம் பெற்றன. முதுகெலும்பு வால் நுனியில் கீழ்நோக்கி மடிந்திருந்ததைக் கண்ட ஆய்வாளர்கள் சிலர், வால் ஒடிந்துவிட்டது என்றே முதலில் எண்ணினர். ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் பாறைகளில் தோலின் தடத்தோடு கிடைத்த புதைபடிவங்கள் ஐயத்தைத் தீர்த்தன: அது பிறைவடிவ வால் துடுப்பின் கீழ்ப்பாதி. முதுகிலும் எலும்பில்லாத ஒரு துடுப்பு இருந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற வகையின் தோலுக்கடியில் கொழுப்புப் படலத்தின் எச்சத்தைக் கண்டறிந்தது. ஊர்வனவாக இருந்தும் உடல்வெப்பத்தைக் காத்துக்கொண்ட விலங்கு என்பதற்கு அது வலுவான சான்று.

கண்கள்தான் பெரிய வியப்பு. டெம்னோடோன்டோசார் என்ற வகையின் கண் 25 சென்டிமீட்டர் அகலம் இருந்தது. நீரின் அழுத்தத்தில் கண் உருக்குலையாதபடி எலும்புத் தகடுகள் வளையமாகத் தாங்கி நின்றன. வெளிச்சம் குறைந்த ஆழத்தில் இரை தேட அந்தக் கண் உதவியிருக்கும். பல புதைபடிவங்களின் வயிற்றில், கணவாயின் உறவினமான பெலம்னைட்டுகளின் கொக்கிகள் குவிந்து கிடக்கின்றன.

இக்தியோசார் முட்டையிடக் கரையேறவில்லை, கடலிலேயே குட்டி போட்டது. வயிற்றுக்குள் குட்டிகளோடும், பிறக்கும் தறுவாயிலும் புதைபடிவமாகிப்போன தாய்கள் ஹோல்ஸ்மாடனில் கிடைத்துள்ளன. அங்கே குட்டியின் வால் முதலில் வெளிவருகிறது. சீனாவில் கிடைத்த மிகப் பழைய வகையான சாவோஹுசாரிலோ தலை முதலில் வருகிறது. தரைவிலங்குகளுக்கு உரிய முறை அது. ஆகவே, குட்டி போடும் வழக்கம் தரையிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் 1811இல் ஜோசப் ஆனிங் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அதன் உடற்பகுதியைத் தேடிக் கண்டுபிடித்தவர், அப்போது சிறுமியாக இருந்த அவர் தங்கை மேரி. அறிவியல் உலகின் கவனத்தை இந்த விலங்கின்மேல் திருப்பிய கண்டுபிடிப்பு அது.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. திருச்சிப் பகுதியில் கிடைத்த முதுகெலும்புகளைக் கொண்டு 1879இல் ரிச்சர்ட் லைடெக்கர் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பகுதிப் பாறைகளிலும் பற்களும் முதுகெலும்புகளும் கிடைத்திருக்கின்றன. அவை இந்த இனத்தின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தவை.