வயலில் விபத்தா? மறைக்காதீர்கள், காரணத்தைக் கண்டறிந்து பதிவு செய்யுங்கள்!

அதியமான்கோட்டையிலிருந்து சேலம் போகிறவர்கள் தொப்பூர் கணவாய் வந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். 2020 டிசம்பரில் அங்கே ஒரே லாரி பல வாகனங்கள் மீது மோதியதில் 4 பேர் உயிரிழந்தனர். அங்கு நடக்கும் விபத்துகள் காவல் நிலையத்தில் பதிவாகின்றன. அதனால்தான் சாலையின் இறக்கமும் வளைவும் முக்கியக் காரணம் என்பது தெரிந்து, வேகக் கட்டுப்பாடு வந்தது. உயர்மட்டச் சாலை அமைக்கவும் முடிவானது.

நம் வயலில் நடக்கும் விபத்துகளை யார் பதிவு செய்கிறார்கள்? மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்தாலும், மருந்து தெளித்தவர் மயங்கி விழுந்தாலும், ரோட்டாவேட்டரில் கால் சிக்கினாலும் "நேரம் சரியில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். காரணம் அப்படியே இருப்பதால் அதே விபத்து பக்கத்து வயலில் மறுபடியும் நடக்கிறது.

விசாரித்தால் என்ன தெரியும்?

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2023 மார்ச் மாதம் மாரண்டஅள்ளி அருகே பயிரைக் காக்கப் போட்டிருந்த திருட்டு மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. வேலி போட்ட விவசாயி கைது செய்யப்பட்டார். அதே மாதம் கம்பைநல்லூர் அருகே மேட்டில் ஏறிய மற்றொரு யானை, மேலே சென்ற உயரழுத்த மின்கம்பியில் உரசி இறந்தது.

இரண்டு இடத்திலும் மின்சாரம் பாய்ந்துதான் யானைகள் இறந்தன. ஆனால் காரணம் ஒன்றல்ல. முதல் இடத்தில் வேலிக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்ததே தவறு. இரண்டாவது இடத்தில் மேட்டுக்கும் கம்பிக்கும் இடையே போதிய உயரம் இல்லை. காரணம் வேறு என்றால் தீர்வும் வேறு. வேலியை அகற்றினால் தாழ்ந்த கம்பி சரியாகிவிடாது. விசாரணை இதைத்தான் பிரித்துக் காட்டும்.

அதே 2023-ம் ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தத்தில் இடைவிடாமல் பாய்வதால், தொட்டவர் கையை எடுக்க முடியாமல் போகும். தரச்சான்று பெற்ற சூரிய மின்வேலிக் கருவி நொடிக்கு ஒருமுறை போல, கண் இமைக்கும் நேரம் மட்டுமே மின்துடிப்பு அனுப்பும். அது விலங்கை விரட்டும், உயிரை எடுக்காது.

"யார் செய்தது?" என்பதோடு நிற்காதீர்கள்

விபத்து நடந்ததும் "அவன் கவனமாக இல்லை" என்று சொல்வது எளிது. அங்கேயே நின்றுவிட்டால் உண்மைக் காரணம் தெரியாது. "ஏன்?" என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு உதாரணம்:

- ஆளுக்கு ஏன் ஷாக் அடித்தது? மோட்டார் பாடியில் மின்கசிவு.
- கசிவு ஏன் தரைக்குப் போகவில்லை? எர்த் ஒயர் அறுந்து கிடந்தது.
- ஏன் யாரும் பார்க்கவில்லை? எர்த் இணைப்பைச் சோதிக்கும் வழக்கமே இல்லை.
- முன்பே அறிகுறி தெரிந்ததா? போன மாதம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டபோது லேசாகச் சுர்ரென்றது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது தீர்வு கையில் கிடைத்துவிட்டது. எர்த் இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும், மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணைக்கும் கருவியைப் பொருத்த வேண்டும், "சுர்ரென்றது" என்று யார் சொன்னாலும் அன்றைக்கே எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

மருந்து தெளிப்பிலும் இப்படித்தான். 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விசாரித்தபோது பல காரணங்கள் வெளிவந்தன. செடி ஆள் உயரம் வளர்ந்திருந்ததால் மருந்து முகத்துக்கு நேராகத் தெறித்தது. பல மருந்துகளைக் கலந்து, அதிக வேகத்தில் பீய்ச்சும் தெளிப்பான்களால் அடித்தார்கள். முகக்கவசமும் கையுறையும் இல்லை. முதலில் மயங்கியவர்களைப் பற்றிய தகவல் உடனே பரவியிருந்தால் பலர் தெளிப்பதை நிறுத்தியிருப்பார்கள்.

மயிரிழையில் தப்பியதையும் எழுதுங்கள்

பிடிஓ ஷாஃப்டில் துண்டு சிக்கிக் கிழிந்தது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றோரம் டிராக்டர் சக்கரம் சறுக்கி நின்றது. இவை காசு செலவில்லாமல் கிடைக்கும் எச்சரிக்கைகள். ஷாஃப்டுக்கு மூடி போடவும், கிணற்றோரம் கல் நடவும் இதுவே சமயம்.

இதற்கு ஒரு நோட்டு போதும். தேதி, நேரம், இடம், என்ன வேலை, என்ன நடந்தது, ஏன் நடந்தது, என்ன சரிசெய்தோம் என்ற ஏழு விவரங்களை எழுதுங்கள். உழவர் குழுக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். எழுதியவரைக் குறை சொல்லக் கூடாது என்று முதலிலேயே பேசி வையுங்கள். திட்டு விழும் என்றால் கூலியாட்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியவை

1. முதலில் உயிர். மின்விபத்து என்றால் மெயினை அணைக்காமல் ஆளைத் தொடாதீர்கள். உடனே 108-க்கு அழையுங்கள். மருந்து விஷம் ஏறியிருந்தால் மருந்துப் புட்டியை லேபிளோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சைக்கு அது மிக அவசியம்.
2. இடத்தைக் கலைக்காதீர்கள். அறுந்த கம்பி, உடைந்த பாகம் ஆகியவற்றைப் படம் எடுத்த பிறகே அகற்றுங்கள்.
3. பார்த்தவர்களிடம் அன்றைக்கே தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். நாள் போனால் விவரம் மாறிவிடும்.
4. மின்விபத்தை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-வது பிரிவுப்படி, மின்விபத்தில் மனிதர் மட்டுமல்ல, கால்நடை இறந்தாலும் மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை செய்து சான்று பெறுங்கள்.
5. உயிரிழப்பு என்றால் காவல் நிலையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவியுங்கள்.

மறைத்தால் யாருக்கு நட்டம்?

"போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும்" என்ற பயத்தில் சிலர் விபத்தை "நெஞ்சுவலி" என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறார்கள். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் விபத்து நிவாரணம் கேட்பது கடினம். குடும்பத்தின் தூணை இழந்தவர்களுக்கு அந்தப் பணமும் இல்லாமல் போகும். கம்பி தாழ்ந்தே தொங்கும், இயந்திரம் மூடியில்லாமலே ஓடும். நாளைக்கு அதில் சிக்குவது கூலிக்கு வந்த இன்னொருவராக இருக்கலாம்.

விபத்து நடக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். தாழ்ந்த மின்கம்பி, சாய்ந்த கம்பம், மூடியில்லாத மின்பெட்டி கண்ணில் பட்டால் மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள். மருந்து, இயந்திரம் தொடர்பான சந்தேகங்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தையோ (1800 180 1551) அணுகலாம்.