இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் மீண்டும் நடத்தல்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

வீட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்த முதியவரின் குடும்பத்தார் எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். "அம்மா மறுபடி நடப்பார்களா?" என்பது ஒன்று. "எத்தனை நாள் அசையாமல் படுத்திருக்க வேண்டும்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை, இரண்டாவது கேள்வியை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறிவது எது, அறுவை சிகிச்சை செய்வது என்ன?

பேச்சு வழக்கில் இடுப்பெலும்பு முறிவு என்று சொன்னாலும், இவ்வகை விபத்தில் முறிவது தொடை எலும்பின் மேற்பகுதியே. அவ்வெலும்பின் தலை, பந்தைப் போல இடுப்புக் குழியில் பொருந்தியிருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே உள்ள குறுகிய பகுதி, வயதில் எலும்பு மெலிந்தவர்களுக்குச் சிறு வீழ்ச்சியிலேயே முறிந்துவிடுகிறது. முறிவின் இடத்தைப் பொறுத்து, உலோகக் கம்பியும் திருகாணியும் கொண்டு எலும்பை இணைக்கிறோம். அல்லது சேதமடைந்த பந்தை அகற்றிவிட்டு உலோகப் பந்தைப் பொருத்துகிறோம்.

இந்த உலோகம் எலும்புக்குத் துணையாக உடலின் எடையைத் தாங்குகிறது. ஆகவே "எலும்பு கூடிய பிறகுதான் காலை ஊன்ற வேண்டும்" என்ற பழைய எண்ணம் இங்குப் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. பலரும் அறுவை சிகிச்சைக்கு மறுநாளே, பிடிமானத்துடன் காலை ஊன்றி எழுந்து நிற்கலாம். சிலருக்கு மட்டும் முழு எடையையும் ஊன்றக் கூடாது என்று அறுவை மருத்துவர் சொல்லக்கூடும். உங்கள் நோயாளிக்கு அனுமதி எவ்வளவு என்பதை, வீடு திரும்பும் முன் தெளிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படுக்கை ஏன் ஓய்வு ஆகாது?

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆய்வு நடத்தினார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய உடலின் உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரியவந்தது.

இளைஞர்களுக்கே இந்த நிலை. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்து நடத்திய பிறிதோர் ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ அளவுக்குத் தசை குறைந்திருந்தது. அவர்களுக்கு எலும்பு முறிவும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. வலியும், காயமும், குறைந்த உணவும் சேர்ந்துகொண்ட நோயாளிக்கு இழப்பு இன்னும் விரைவாக நேரும்.

தசை மட்டுமன்று. அசையாத காலில் இரத்தம் உறையலாம். அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. சளி வெளியேறாமல் நிமோனியா வரலாம். முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் உண்டாகும். மலச்சிக்கல் கூடும். பகல் இரவு தெரியாத மனக்குழப்பமும் முதியவர்களுக்கு எளிதில் நேரும். எழுந்து உட்காருவது ஒன்றே இவை அனைத்துக்கும் எதிராக வேலை செய்யும்.

மருத்துவமனையில் முதல் நாட்கள்

இயன்முறை மருத்துவர் முதலில் கற்றுத் தருபவை படுத்தபடியே செய்யக்கூடியவை: ஆழ்ந்து மூச்சிழுத்து விடுதல், பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலைக் கட்டிலோடு அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுதல். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, ஒவ்வொன்றையும் பத்து முறை செய்தால் நல்லது.

அடுத்துக் கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்காருதல். தலைசுற்றல் உள்ளதா என்று சில நிமிடம் கவனித்த பிறகே வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். முதல் நாள் நான்கு அடி எடுத்து வைத்து நாற்காலியில் அமர்ந்தால், அது பெரிய முன்னேற்றம்.

"வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று நோயாளி சொல்வது இயல்பு. வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பரிந்துரைத்த வலிநிவாரண மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு கொடுக்கும்படி செவிலியரிடம் கேளுங்கள். பயிற்சியின்போது சற்று வலி கூடி, சிறிது நேரத்தில் தணிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மறுநாள் காலையிலும் கூடுதல் வலி நீடித்தால், பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

மீதி நேரம் உங்கள் கையில்

இயன்முறை மருத்துவர் ஒரு நாளில் நோயாளியுடன் செலவிடுவது ஏறத்தாழ அரை மணி நேரம். மீதியுள்ள இருபத்து மூன்றரை மணி நேரம் குடும்பத்தாரின் பொறுப்பில் இருக்கிறது. நோயாளி மீண்டும் நடப்பாரா என்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் முடிவாகிறது.

நம் வீடுகளில் அன்பு பணிவிடையாகவே வெளிப்படுகிறது. மகள் கட்டிலிலேயே சோறு ஊட்டுகிறாள். மருமகள் பெட்பேன் வைக்கிறாள். மகன் தூக்கி உட்கார வைக்கிறான். முதல் இரண்டு மூன்று நாள் இது தேவைப்படலாம். ஒரு மாதம் இப்படியே தொடர்ந்தால், தாய்க்குத் தானே எழும் வலு இல்லாமல் போய்விடும். பிறகு எவ்வளவு முயன்றாலும் அதை மீட்பது கடினம்.

ஆகவே சிறு மாற்றங்களைச் செய்யுங்கள். உணவுத் தட்டைக் கட்டிலுக்குக் கொண்டுவராமல் மேசையில் வைத்து, அவரை அங்கு நடக்க வையுங்கள். கழிப்பறைக்கு வாக்கரோடு அழைத்துச் செல்லுங்கள். தலை வாருதல், சட்டை மாற்றுதல் போன்றவற்றை அவரே செய்யட்டும். ஐந்து நிமிட வேலைக்குப் பதினைந்து நிமிடம் ஆகும், காத்திருங்கள். மூன்று வேளை உணவுக்கும் நான்கு முறை கழிப்பறைக்கும் நடந்தாலே, தனியாக நேரம் ஒதுக்காமல் ஏழு முறை பயிற்சி நடந்துவிடும்.

உடன் நடப்பவர், அறுவை சிகிச்சை செய்த பக்கத்தில் சற்றுப் பின்தள்ளி நிற்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பானது.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள்

தையல் பிரித்து, இயன்முறை மருத்துவர் அனுமதித்த பின் கீழ்க்கண்டவற்றைத் தொடரலாம்.

நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல்: கைப்பிடியுள்ள, உயரமான, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். தொடக்கத்தில் கைகளை ஊன்றி ஐந்து முறை எழலாம். வலு கூடக் கூட, கைகளின் உதவியைக் குறைத்துப் பத்து முறைக்கு உயர்த்தலாம். ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் உண்டு என்றால் இதையே தேர்ந்தெடுங்கள். கட்டிலிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் எழுவதற்கு வேண்டிய தசைகள் இவையே.

நின்றபடி காலை உயர்த்துதல்: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, உடலைச் சாய்க்காமல் காலைப் பக்கவாட்டில் விலக்கிச் சேர்க்க வேண்டும், பின்பு பின்புறமாக நீட்டிச் சேர்க்க வேண்டும். நடக்கும்போது இடுப்பு ஒருபுறம் சாய்ந்து தாங்கித் தாங்கி நடப்பதை இது குறைக்கும்.

குதிகால் உயர்த்துதல்: அதே மேடையைப் பிடித்து, முன்பாதத்தில் எழுந்து மெல்ல இறங்குதல்.

ஒவ்வொன்றையும் பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை செய்யலாம். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும். பேச்சுத் திணறினால் அமர்ந்து ஓய்வெடுங்கள். இன்சுலின் போடும் நோயாளிகள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது, தடியை அறுவை சிகிச்சை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் அறுவை செய்த காலும் முதலில்.

உலோகப் பந்து பொருத்தியவர்களுக்கு

இவர்களுக்குச் சில அசைவுகளால் மூட்டு நழுவக்கூடும். அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை தரையில் உட்காருதல், சம்மணமிடுதல், கால்மேல் கால் போடுதல், தாழ்வான கட்டிலிலோ சோபாவிலோ அமர்தல், குனிந்து கீழே கிடப்பதை எடுத்தல் ஆகியவை கூடாது. குந்தி அமரும் கழிப்பறை மட்டுமே உள்ள வீடுகளில், நடுவில் துளையுள்ள கம்மோடு நாற்காலியை அதன்மேல் வைத்துப் பயன்படுத்தலாம். நோயாளி வீடு வருவதற்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள்.

தசைக்கு உணவு

பயிற்சி செய்தும் புரதம் போதாவிட்டால் தசை வளராது. முதியவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. கஞ்சியும் ரசஞ்சோறும் மட்டும் கொடுத்தால் இந்த அளவை எட்ட முடியாது. பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பகிர்ந்து சேருங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

எவ்வளவு காலம்?

பலர் முதல் ஆறு வாரம் வாக்கருடனும், பின்பு தடியுடனும் நடக்கிறார்கள். முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் விரைவாகவும், அதன்பின் ஓராண்டு வரை மெதுவாகவும் தொடரும். எல்லாரும் முன்பிருந்த நடைக்குத் திரும்புவார்கள் என்று எங்களால் உறுதி கூற இயலாது. கோயிலுக்குத் தனியே நடந்து சென்றவர், இனித் தடியோடு தெருமுனை வரை மட்டும் செல்லக்கூடும். ஆனால் பிறர் துணையின்றிக் கழிப்பறைக்குச் சென்று வருவதும், வாசலில் வந்து அமர்வதும் ஒருவரின் தன்மானத்தைக் காக்கும் செயல்கள். அவற்றைக் குறிக்கோளாக வையுங்கள்.

முப்பது விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறார் என்பதை வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத நாட்களில் அந்த எண் தைரியம் தரும். மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பலரை முடக்கிவிடுகிறது. "விழுந்துடாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர்த்து, அருகில் நில்லுங்கள். மிதியடி விரிப்புகளை அகற்றி, கழிப்பறையில் கைப்பிடி பொருத்தி, இரவு விளக்கு எரியவிடுங்கள். எலும்பு வலுவிழப்புக்கான மருந்தையும் மறுபரிசோதனையில் கேட்டுத் தொடருங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்: கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், காய்ச்சல், தையலில் நீர் அல்லது சீழ் கசிதல், திடீரெனக் கடும் வலி ஏற்பட்டுக் கால் குட்டையாகத் தெரிதல். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் சேவையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வீடு திரும்பும் நாளில், இயன்முறை மருத்துவர் பயிற்சிகளைச் சொல்லித் தரும்போது, இரவும் பகலும் நோயாளியுடன் இருக்கப்போகிறவர் யாரோ அவரே நேரில் இருந்து கற்றுக்கொள்வது அவசியம்.