தீக்கு ஒரு துறை, கடலுக்கு யார்?



பூம்புகார் என்றதும் எல்லோருக்கும் இரண்டு காப்பியங்கள் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கோபத்தால் மதுரை எரிந்தது. மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொண்டது. ஒன்றில் நெருப்பு, மற்றொன்றில் நீர். அந்தக் காலத்தில் இரண்டையும் தெய்வத்தின் கோபம் என்றார்கள். இன்று நாம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது? அவர்களுக்குப் பணம் தருவது யார்? அந்தப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது யார்? நம்ம ஊர்க் கடற்கரையை வைத்து இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது ஏதோ அரசியல் பாடம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எஸ்டிமேஷன் அண்டு காஸ்டிங் படிக்கிற நமக்கு இது நன்றாகவே புரியும்.

2004-ஐ மறக்க முடியுமா?

காவிரிக் கரைக்கு 2004-ஐப் போல ஒரு கொடிய ஆண்டு இருந்ததில்லை. ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபம் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். டிசம்பர் 26-ல் சுனாமி. அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த நம் பகுதியும் சேர்ந்து, அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1997 ஜூன் 7-ல், தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல் தீயில் 48 பேர் இறந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரை, பந்தல், கூட்டம், கடல். நம்ம டெல்டாவின் ஆபத்து இந்த நான்கிலும் அடங்கிவிடும்.

தீ: யார் பொறுப்பு என்பது தெளிவு

தீப்பிடித்தால் 101. இது எல்லோருக்கும் தெரியும். 112-ஐ அழைத்தாலும் தகவல் போய்ச் சேரும். வருவது தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. இது மாநில அரசின் உள்துறைக்குக் கீழ் வருகிறது. 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் இதற்கு அடிப்படை. நிலையத்துக்கு ஒரு நிலைய அலுவலர், மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட அலுவலர், மண்டலத்துக்குத் துணை இயக்குநர், எல்லோருக்கும் மேலே இயக்குநர். ஒரு வண்டி ஓடவில்லை என்றால் யாரைக் கேட்பது என்பது தெளிவாக இருக்கிறது.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. 1992-ல் கொண்டுவந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் தீயணைப்பையும் சேர்த்தது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில்தான் இருக்கிறது. அங்கே பணக்கார மாநகராட்சி. பெரிய படை வைத்துக்கொள்ள முடிகிறது. நம்ம காவிரிப்பூம்பட்டினம் ஊராட்சி ஒரு தீயணைப்பு வண்டி வாங்கி, டிரைவர் போட்டு, டீசல் ஊற்ற முடியுமா? முடியாது. ஆகவே சின்ன ஊர்களுக்கு மாநிலத் துறையாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பணம் வரும் வழி

தீயணைப்பு வண்டி வந்தால் நம்மிடம் பில் நீட்டுவதில்லை. அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? மாநில பட்ஜெட்டில் மானியக் கோரிக்கை எண் 23 என்று ஒன்று இருக்கிறது. அது முழுக்க முழுக்கத் தீயணைப்புத் துறைக்கு உரியது. ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றம் அதற்கு வாக்களித்தால்தான் துறைக்குப் பணம். அதையொட்டி ஒரு கொள்கை விளக்கக் குறிப்பும் வெளியாகும். எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டன, எத்தனை வண்டிகள் வாங்கினார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். செலவான பிறகு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்ப்பார். அவர் அறிக்கையைச் சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. தீயணைப்பு மானியத்தைக் காவல் துறை மானியத்தோடு சேர்த்து விவாதிப்பது வழக்கம். உறுப்பினர்களின் நேரமெல்லாம் சட்டம் ஒழுங்கு பேசுவதிலேயே போய்விடும். தீயணைப்புக்குக் கடைசிப் பந்திதான். ஆனாலும் ஒரு கோரிக்கை எண் இருக்கிறது, ஒரு கணக்கு இருக்கிறது. கேள்வி கேட்க விரும்புகிறவருக்கு ஒரு பிடி இருக்கிறது.

மத்திய அரசும் தருகிறது. 15-ஆவது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி, மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனப்படுத்த ரூ.5,000 கோடித் திட்டம் ஒன்றை 2023 ஜூலையில் தொடங்கினார்கள். நம்மைப் போன்ற மாநிலங்கள் தம் பங்காக 25 சதவீதம் போட வேண்டும். புது நிலையம், பயிற்சி மையம், கருவிகள் ஆகியவற்றுக்கான பணம் இது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி வாங்குவது ஒரு தடவைச் செலவு. அதை ஓட்டுகிறவருக்குச் சம்பளம் மாதாமாதம். டெல்லியிலிருந்து வண்டி வரலாம். ஆள் போட வேண்டியது மாநிலம். கண்காணிப்பவர்கள் "எத்தனை வண்டி?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எத்தனை இடம் காலி?" என்றும் கேட்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

தண்ணீர் வண்டியில் 4,500 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ளினால், 4,500 ÷ 1,800 = 2.5 நிமிடம். அவ்வளவுதான்! வண்டி காலி. அதன் பிறகு பக்கத்தில் குளமோ வாய்க்காலோ இருந்தால்தான் வேலை தொடரும். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். சித்திரை வெயிலில் கூரை வீடுகள் பற்றி எரிகிற நேரத்தில் நம்ம வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். எனவே ஊர்க்குளத்தைத் தூர்வாருவதும் தீயணைப்புச் செலவுதான். ஆனால் அது வேறு துறையின் கணக்கில் வரும்.

கடல்: எத்தனை பேர் பொறுப்பு?

இப்போது கடலுக்கு வருவோம். தை அமாவாசை, ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கு, சித்ரா பௌர்ணமி நாட்களில் காவிரி சங்கமத்தில் கூட்டம் நெரியும். ஒருவர் அலையில் இழுபட்டுப் போகிறார். யார் பொறுப்பு? எண்ணிப் பார்ப்போம்.

ஒன்று, இந்தியக் கடலோரக் காவல் படை. 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கடலில் தேடுதல், மீட்பு இரண்டையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவர்களுடையது. அழைப்பு எண் 1554. காரைக்காலில் அவர்கள் நிலையம் இருக்கிறது. ஆழ்கடலில் படகு தத்தளித்தால் இவர்களே கதி.

இரண்டு, மாநிலக் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். எண் 1093. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ. வரை ரோந்து இவர்கள் வேலை. இதற்கான பணம் காவல் துறை மானியத்தில் வரும்.

மூன்று, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. பெயரிலேயே 'மீட்பு' இருக்கிறது. திருவிழா நாட்களில் இவர்கள் கரையில் நிற்பார்கள்.

நான்கு, சுற்றுலாத் துறை. பூம்புகாருக்குக் கூட்டம் வருவதே இவர்கள் விளம்பரத்தால்தான்.

ஐந்து, ஊராட்சி. எச்சரிக்கைப் பலகை, விளக்கு, குப்பை எல்லாம் இவர்கள் தலையில்.

ஆறு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியர் இதற்குத் தலைவர். மயிலாடுதுறை தனி மாவட்டமான 2020-க்குப் பிறகு இந்தப் பொறுப்பு நமக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

இத்தனை பேர் இருக்கிறார்களே, பிறகு என்ன கவலை? கவலை நேரத்தைப் பற்றித்தான். மூச்சு நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும். அழைப்பை எடுத்துப் புறப்பட ஒரு நிமிடம் என்றால் கையில் மிஞ்சுவது மூன்று நிமிடம். 40 கி.மீ. வேகத்தில் வண்டி வந்தால் மூன்று நிமிடத்தில் 2 கி.மீ. தான் வரும். அப்புறம் மணலில் ஓட வேண்டும், நீந்த வேண்டும். ஆகவே நிலையத்திலிருந்து வந்து காப்பாற்றுவது தீ விபத்துக்குப் பொருந்தும். நீரில் மூழ்குகிறவருக்குப் பொருந்தாது. காப்பாற்றுகிறவர் ஏற்கெனவே கரையில் நிற்க வேண்டும்.

திருவிழா இல்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் முதலில் குதிப்பவர் யார்? மீனவர்தான். எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா இப்படிப் பலரைக் கரை சேர்த்திருக்கிறார். "யாராச்சும் நன்றி சொன்னாங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். "நன்றி எதுக்குடா தம்பி? அன்னிக்கு ஊத்துன டீசல் காசு வந்தாப் போதும். சாட்சி சொல்ல மட்டும்தான் கூப்பிடுவாங்க" என்றார். அவர் வேலைக்கு எந்த மானியக் கோரிக்கையிலும் எண் கிடையாது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் படகுகளை லாரியில் ஏற்றி வந்து மக்களைக் காப்பாற்றியவர்களும் மீனவர்களே. நாடே கைதட்டியது. ஆனால் கைதட்டலில் இன்ஜின் ஓடாது.

ஆறு துறைக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொறுப்பு என்றால், கடைசியில் ஒருவரைப் பிடித்துக் கேட்க முடியாது. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

மற்ற இடங்களில் எப்படி?

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் பிரவார்ட் என்று ஒரு கவுண்டி. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்ம மாவட்டம் மாதிரி. அங்கே தீயணைப்புத் துறைக்குள்ளேயே கடல் மீட்புப் பிரிவும் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த கவுண்டி வாரியம் பட்ஜெட்டை ஒப்புக்கொள்கிறது. கட்டட உரிமையாளர்கள் தீயணைப்புக்கென்று தனிக் கட்டணம் செலுத்துகிறார்கள். கடற்கரைக் காவலருக்கான செலவைச் சுற்றுலாப் பயணிகள் கட்டும் விடுதி வரியிலிருந்து எடுக்கலாமா என்று அங்கேயும் விவாதம் நடந்தது. விவாதிப்பதற்கு ஒரு மேசையும், பதில் சொல்ல ஒரு துறையும் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

கோவாவில் சுற்றுலாத் துறை 2008 முதல் ஒரு தனியார் நிறுவனத்தின் மூலம் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்களை நிறுத்தி வருகிறது. பிரிட்டனில் 1824-ல் தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கம், பெரும்பாலும் மக்கள் நன்கொடையில் ஓடுகிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். நம் சென்னை மெரினாவிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் ஓர் உயிர்காக்கும் பிரிவு வந்திருக்கிறது. வழிகள் வேறு வேறு. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் "இது எங்கள் வேலை" என்று சொல்ல ஒருவர் இருக்கிறார்.

பூம்புகாருக்கு ஓர் எஸ்டிமேட்

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீச்சல் தெரிந்த மீனவ இளைஞர்கள் 8 பேர். மாதம் ரூ.15,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 8 × 15,000 × 12 = ரூ.14,40,000. இதை வண்டி நிறுத்தும் கட்டணத்திலேயே எடுத்துவிடலாமா? வண்டிக்கு ரூ.20 என்றால் 72,000 வண்டிகள், அதாவது தினமும் சராசரியாக 197 வண்டிகள் வர வேண்டும். அமாவாசையன்று வரும், மழை நாளில் வராது. ஆனால் மழைக்காலத்தில்தானே கடல் கொந்தளிக்கிறது! வருமானம் குறைகிற நேரத்தில் ஆபத்து கூடுகிறது. எனவே கட்டணத்தை மட்டும் நம்பக் கூடாது. சம்பளம் தீயணைப்புத் துறையின் மானியத்தில் நிலையாக வர வேண்டும். கயிறு, மிதவை, முதலுதவிப் பெட்டி போன்றவற்றுக்குச் சுற்றுலா வருமானம் உதவலாம். அந்த 8 பேரும் ஒரே நிலைய அலுவலரின் கீழ் இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் எத்தனை பேர் மீட்கப்பட்டார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு செலவு என்பதை ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பொறுப்புக்கு ஒருவர், பட்ஜெட்டில் ஒரு வரி, ஊரறிய ஒரு கணக்கு. இந்த மூன்றும் போதும்.

நாம் என்ன செய்யலாம்?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. போய் உட்காருங்கள். "சங்கமத்துக்கு நிரந்தர உயிர்காப்பாளர் வேண்டும்" என்று தீர்மானம் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி ரூ.10 கட்டி மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். "கடற்கரை மீட்புக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு செலவு? எந்தக் கணக்குத் தலைப்பில்?" இந்த இரண்டே வரி போதும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் தீப்பிடித்து வெடித்தபோது உயிர் நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகக் கொண்டாடப்படுகிறது. தீயும் கடலும் ஒன்றாக வந்த நாள் அது. அந்த வாரத்தில் நம் மாணவர் பேரவை தீயணைப்புத் துறையினரை அழைத்து, தீ அணைக்கவும், மூழ்கியவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு வரவைக்கவும் பயிற்சி நடத்தினால் என்ன? வொர்க்‌ஷாப்பில் ஒரு மதிய நேரம் போதும்.

டூர் வருகிற ஜூனியர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: சங்கமத்தில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். கரையில் நிற்கும் மீனவர் "வேணாம் தம்பி" என்றால் கேளுங்கள். சம்பளம் வாங்காமல் நம்மைக் காப்பவர் இன்றைக்கு அவர்தான். அவருக்கு ஒரு சம்பளமும் ஒரு சீருடையும் வாங்கிக் கொடுக்க நம்மால் குரல் கொடுக்க முடியும். கொடுப்போம்!