வழிபாட்டிடமும் முதியோர் கல்வியும்

பள்ளி என்னும் சொல் தமிழிற் பல பொருள் பயப்பது. சமண பௌத்தத் துறவியர் உறைந்த இடம் முன்னாளிற் பள்ளி எனப்பட்டது. சிறுவர் எழுத்துப் பயிலும் இடத்தைப் பள்ளிக்கூடம் என்கின்றோம். நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்குச் செல்வோர் வழியிற் காணும் முஸ்லிம் சகோதரரின் தொழுகையிடத்தைப் பள்ளிவாசல் என எல்லோருமே வழங்குகின்றோம். வழிபாடும் கல்வியும் ஓரிடத்தே வளர்ந்தமைக்கு இச்சொல் சான்றாக நிற்கின்றது. கடல் கடந்த பிறிதொரு சமயத்தாரிடத்தும் இதனை ஒத்த வழக்கு உண்டு. ஐரோப்பிய யூதர் தமது தொழுகைக்கூடத்தை இத்திஷ் மொழியில் 'ஷூல்' என்பர். பள்ளிக்கூடம் என்பதே அதன் நேர்ப்பொருள். அவர்கள் தம் முதியோரைக் கற்பிக்கும் முறையை அறிவது நமக்கும் பயன் தரும் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

கி. பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். அங்கு நிகழ்ந்த பலிவழிபாடு அத்துடன் நின்றது. தொழுகைக்கூடங்கள் அதற்கு முன்னரும் இருந்தனவெனினும், அதன் பின்னரே அவை யூதர் வாழ்வின் நடுவிடமாயின. தேசமிழந்து சிதறிய அம்மக்கள் தம்முடன் எடுத்துச் செல்லக்கூடியதாய் எஞ்சியது நூல் ஒன்றே. ஆதலின் நூலைக் கற்பதே அவர்க்கு வழிபாட்டின் ஒரு கூறாயிற்று. கற்பதற்கென அமைந்த இடத்தை எபிரேய மொழியில் 'பேத் மித்ராஷ்', அதாவது ஆராய்ச்சி இல்லம், என்பர். அது பெரும்பாலும் தொழுகைக்கூடத்தின் அருகிலோ அதனுள்ளேயோ அமைந்திருக்கும்.

மோசேயின் ஐந்து நூல்களாகிய தோரா 54 பகுதிகளாக வகுக்கப்பட்டு ஓராண்டிலே முற்றாக வாசிக்கப்படுகின்றது. இறுதிப் பகுதியை வாசித்து முடிக்கும் திருநாளிலேயே முதற் பகுதியைத் தொடங்கிவிடுவர். கல்விக்கு முடிவில்லை என்பதை இதனினும் எளிதாகச் சொல்லல் அரிது. சனிக்கிழமையன்றி, முற்காலத்துச் சந்தை நாள்களாகிய திங்களிலும் வியாழனிலும் வாசிப்பு உண்டு. உழவரும் வணிகரும் கூடும் நாளிலே நூலும் அவரைத் தேடிச் சென்றது.

இனி, தல்மூத் என்னும் பெருநூலைக் கற்கும் முறை குறிப்பிடத்தக்கது. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே மூலமும் அதன்மேல் எழுந்த விவாதமும் இருக்கும். ஒரு புறத்தே 1105இல் மறைந்த இராஷி என்னும் உரையாசிரியரின் உரையும், மறுபுறத்தே பிற்காலத்தார் எழுப்பிய தடைவிடைகளும் சூழ்ந்திருக்கும். ஏற்கப்படாத கருத்தும் அதனைச் சொன்னவர் பெயரோடு அங்கே காக்கப்படுகின்றது. 'என்று உரைப்பாரும் உளர்' எனப் பிறர் கொள்கையையும் காட்டிச் செல்லும் நம் உரையாசிரியர்களைக் கற்றோர்க்கு இம்முறை புதிதன்று.

இந்நூலை நாளுக்கு ஓர் ஏடாக உலகெங்குமுள்ள யூதர் ஒரே வேளையிற் படிக்கவேண்டும் என்னும் திட்டத்தை இரப்பி மேயர் ஷபீரோ 1923இல் வியன்னா மாநாட்டில் முன்வைத்தார். ஏடுகள் 2,711 ஆதலின் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஏழரை ஆண்டு செல்லும். பதினான்காம் சுற்று 2020 சனவரியில் தொடங்கிற்று. படிப்போருட் பெரும்பாலார் பகலிலே தத்தம் தொழில் புரிபவர். அதிகாலையிலோ மாலையிலோ கூடி ஓர் ஏட்டைப் படித்துக் கலைவர்.

அவர்கள் இருவர் இருவராய் அமர்ந்து படிப்பது மற்றொரு சிறப்பு. ஒருவர் பொருள் சொல்ல, மற்றவர் தடை நிகழ்த்துவர். இதுவும் நாம் அறியாததன்று. ஆசிரியரிடம் கேட்பதனாற் காற்பங்கும், உடன்பயில்வோரோடு பழகுவதனாற் காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்குமாகப் புலமை நிரம்பும் என்பது நன்னூலார் கணக்கு. மேடைப்பேச்சைக் கேட்டு வீடு திரும்புவோர்க்குக் கிட்டுவது அவற்றுள் முதற் காற்பங்கே.

இளமையிற் கல்லாதார்க்கும் இவ்வழி அடைபடவில்லை. பிரான்சு உரோசன்சுவைக் என்னும் அறிஞர் 1920இல் செருமனியின் பிராங்பர்ட் நகரிலே, தம் மரபை மறந்த முதியோர்க்கென ஒரு கல்வி இல்லம் அமைத்தார். பின்னர் அது தளர்ந்தது. இட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் மார்ட்டின் பூபர் அதனை மீளத் திறந்தார். 1938 வரை அது நிலைத்தது. துன்பம் சூழ்ந்த வேளையிலே அம்மக்கள் கல்வியை நாடினர் என்பது சிந்திக்கத்தக்கது.

நமது கோயில்களோவெனின், இத்துறையிற் பின்தங்கியவை அல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் படிக்கப்படும்போது, ஒருவர் செய்யுளைப் பண்ணோடு வாசிக்க, மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்வார். சபையிலுள்ள கற்றோர் பிழை கண்டால் விடார். ஏட்டைக் கையாலே தொட்டறியாத உழவனும் இச்சபையிலிருந்து சூரபன்மன் வரலாற்றையும் சைவ நுட்பங்களையும் அறிந்தான். ஆறுமுக நாவலர் 1847 திசெம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தொடங்கிய பிரசங்கங்களும் முதியோர் கல்வியே. நம் கீழ்க்கரையிலே கண்ணகியம்மன் சடங்கில் வழக்குரை பாடப்படுகின்றது; திரௌபதையம்மன் கோயில்களிற் பாரதம் படிக்கப்படுகின்றது; பிள்ளையார் நோன்பின் 21 நாளும் பிள்ளையார் கதை ஒலிக்கின்றது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. படிப்பு உள்ள இடங்கள் பலவற்றில் இன்று பயன் சொல்லுதல் இல்லை. பயன் சொல்லும் இடங்களிற் கேள்வி எழுவதில்லை. ஒலிபெருக்கியிலே பதிவுப்பாடல் முழங்க, மக்கள் கும்பிட்டுத் திரும்புகின்றனர். நம் பிரதேசத்திலோ, 1983 முதல் 2009 வரை நாட்டை வருத்திய போராற் படிப்பு இடைமுறிந்தோர் இன்று பெற்றோராயும் பேரராயும் இருக்கின்றனர். பாடசாலை அவரை மீள அழையாது. அழைக்கவல்லது கோயில்.

கொச்சி மட்டாஞ்சேரியிலே 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் இன்றும் அழகு குன்றாது நிற்கின்றது. ஆனால் 1948இல் இசுரவேல் அமைந்தபின் அங்கிருந்தோருட் பெரும்பாலார் அந்நாடு சென்றனர். பொதுத் தொழுகைக்கு ஆடவர் பதின்மர் கூடவேண்டும் என்பது மரபு. அத்தொகையும் அங்கு அரிதாயிற்று. அங்கே நூல் உண்டு, கேட்போர் இல்லை. இங்கே கேட்போர் உண்டு. நூலைத் திறப்பார் அருகி வருகின்றனர். பின்னையது நம்மால் நீக்கத்தக்க குறை.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவோம். புதிய கட்டடமோ நிதியோ வேண்டியதில்லை. பிள்ளையார் கதைக்கு மக்கள் எப்படியும் வருவர். அன்றன்று படித்த பகுதிக்கு அரைமணி நேரம் பொருள் கூறி, ஐயம் வினவ இடங்கொடுத்தல் முதற்படி. நோன்பு முடிந்தபின் வெள்ளிக்கிழமை மாலைகளிலே அச்சபை தொடரலாம். வந்தோரை இருவர் இருவராக்கி, எழுத்தறிந்தவரை அறியாதவருடன் அமர்த்தலாம். பெண்களையும் வினவவும் விடைகூறவும் ஊக்குதல் இன்றியமையாதது. எல்லாவற்றினும் முந்தியது, ஊரில் எஞ்சியுள்ள முதிய படிப்பாளர் அருகே ஓர் இளைஞனை இவ்வாண்டே இருத்துதல். செய்யுள் அச்சில் உண்டு. அதனைப் படிக்கும் பண் அவர் தொண்டையில் மட்டுமே உண்டு.