குறைமாதப் பிரசவம்: விளைவு ஒன்று, காரணங்கள் பல

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு 37 வாரங்கள் நிறைவதற்குள் நிகழும் பிரசவம் குறைமாதப் பிரசவம் எனப்படுகிறது. 2020-இல் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. ஐந்து வயதுக்குள் நேரும் குழந்தை இறப்புகளுக்கு முதன்மைக் காரணம் குறைமாதப் பிறப்பின் சிக்கல்களே.

குறைமாதப் பிரசவங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, தாயின் உயர் இரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு போன்ற காரணங்களால் மருத்துவர்களே முன்கூட்டி நடத்தும் பிரசவங்கள். எஞ்சியவை தானாக நிகழ்பவை. சிலருக்கு முதலில் வலி எடுக்கிறது; சிலருக்கு வலிக்கு முன்பே பனிக்குடம் உடைகிறது. இது தனியொரு நோய் அல்ல, பல கோளாறுகள் வந்து சேரும் ஒரே முடிவு என்பதே இன்றைய மருத்துவத்தின் புரிதல்.

காரணங்கள்

தொற்று: பிறப்புறுப்பிலுள்ள கிருமிகள் கருப்பை வாயைக் கடந்து பனிக்குடத்தை எட்டினால் அங்கே அழற்சி உண்டாகிறது. அப்போது சுரக்கும் புராஸ்டாகிளாண்டின்கள் என்னும் வேதிப்பொருள்கள் கருப்பையைச் சுருங்கச் செய்து, கருப்பை வாயை இளக்குகின்றன. பனிக்குட உறையும் நலிகிறது. தாய்க்குக் காய்ச்சல் இல்லாமலேயே இது நடக்கலாம். மிக முன்னதாக நிகழும் பிரசவங்களில் தொற்றின் பங்கு அதிகம். கவனிக்காமல் விட்ட சிறுநீர்த் தொற்றும் ஆபத்தைக் கூட்டுகிறது.

கருப்பை விரிவு: இரட்டைக் குழந்தைகளாலோ பனிக்குட நீர் மிகுவதாலோ கருப்பை அளவுக்கு மீறி விரியும்போது, அதன் தசைகள் முன்னதாகவே சுருங்கத் தொடங்குகின்றன. இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் குறைமாதத்தில் பிறக்கிறார்கள்.

கருப்பை வாயின் பலவீனம்: பிறவி அமைப்பாலோ முன்பு செய்த அறுவை சிகிச்சையாலோ கருப்பை வாய் குட்டையாக இருந்தால், வலியே இல்லாமல் அது திறந்துகொள்ளக்கூடும்.

நஞ்சுக்கொடிக் கோளாறு: நஞ்சுக்கொடிக்குப் பின்னால் இரத்தம் கசியும்போது உருவாகும் திராம்பின் என்னும் பொருள் கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டுகிறது.

இவை தவிர, முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள், குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டும் கருவுற்றவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், இரத்தசோகையோ எடைக் குறைவோ உள்ளவர்கள், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். கடும் மன அழுத்தமும் பங்கு வகிக்கிறது. ஆயினும் இவற்றில் எதுவுமே இல்லாத பலருக்கும் குறைமாதப் பிரசவம் நேர்கிறது. எனவே, 'மாடி ஏறினாள், பப்பாளி தின்றாள்' என்று தாயின்மேல் பழி போடுவதில் நியாயமில்லை.

எச்சரிக்கை அறிகுறிகள்

37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகுதல், விடாத இடுப்புவலி, அடிவயிற்றில் அழுத்தம், நீர் கசிதல், இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 'ஏழு மாதக் குழந்தை தங்கும், எட்டு மாதக் குழந்தை தங்காது' என்ற நம்பிக்கை தவறு. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நன்மையே.

தீர்வுகள்

காரணங்கள் பலவாக இருப்பதால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே மருந்து இல்லை. முழுப் படுக்கை ஓய்வு பிரசவத்தைத் தள்ளிப்போடும் என்பதற்குச் சான்று கிடையாது. ஊசியாகப் போடப்பட்ட ஒரு வகைப் புரோஜெஸ்டிரோன் மருந்து, பயன் உறுதிப்படாததால் 2023-இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 24 வாரத்துக்கு முன் செய்யும் ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால், பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் பலருக்கு உதவுகிறது. முன்பே குறைமாதப் பிரசவம் ஆனவர்களில் சிலருக்குக் கருப்பை வாயில் தையல் போடப்படுகிறது.

பிரசவம் நெருங்கிவிட்டால், 24 முதல் 34 வாரம் வரையான கர்ப்பத்தில் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்கிறது. 32 வாரத்துக்கு முன்பென்றால் மக்னீசியம் சல்பேட் குழந்தையின் மூளையைக் காக்க உதவுகிறது. பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பு உயிர் காக்கும் முறை. பிறந்தவுடனேயே இதைத் தொடங்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். தாமதித்தால் பார்வை பறிபோகலாம்.

உரிமைகள்

2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் சிசேரியன் உட்படப் பிரசவம், மருந்து, பரிசோதனை, இரத்தம், வாகன வசதி எல்லாம் இலவசம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை இலவசச் சிகிச்சை உண்டு. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்களின் இலவசப் பரிசோதனை நடக்கிறது.

வேலைக்குப் போகும் பெண்களில் தகுதியுள்ளோருக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. குறைமாதப் பிரசவத்தால் உடல்நலம் குன்றினால், சான்று காட்டி மேலும் ஒரு மாதம் சம்பளத்துடன் விடுப்பு கேட்கலாம். மகப்பேறு பயன் சட்டத்திலிருந்த இந்த ஏற்பாடு, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது.

மருத்துவ ஆவணங்களைப் பெறுவதும் நோயாளியின் உரிமை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் அவற்றைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. பிரசவம் எத்தனையாவது வாரத்தில் ஆனது, முதலில் வலி வந்ததா, பனிக்குடம் உடைந்ததா, தொற்று இருந்ததா என்ற விவரங்கள் அடங்கிய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கி, அடுத்த கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே காட்ட வேண்டும். எந்தத் தடுப்பு முறை பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவுசெய்ய உதவுபவை அந்த விவரங்களே.